விடிய விடிய வள்ளி... கூடவே ஒரு ஸ்பானிஷ் கல்யாணம்!

மனுஷனுக்கு இனிஷியல் இருப்பது சகஜம். ஊருக்கே இனிஷியல் வேண்டுமென்றால் கரிசல் சீமைக்குத்தான் வரவேண்டும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று "ரெட்டியபட்டி போகுமாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ரெட்டியபட்டி?" என்று பதில் கேள்வி வரும். தென் மாவட்டங்களில் அத்தனை ரெட்டியபட்டிகள்! "எம்.ரெட்டியபட்டி" என்று இனிஷியலோடு சொன்னால்தான், "ஏறுங்க, ஏறுங்க" என்று விசில் கொடுப்பார் கண்டக்டர்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் ஐம்பது கிலோமீட்டர். தறிச் சத்தமும் மல்லிகைப்பூ வாசமும் உள்ள ஊர். அதைத் தாண்டிவிட்டால் கறுப்பு மண், பனை மரம், கண்மாய்க்கரை, எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். பக்கத்துத் திருச்சுழி, 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர். பூமிநாதர் கோயில் இருக்கிறது. குண்டாறும் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். "அதெல்லாம் வந்தா வரும் சார்" என்று வானத்தைப் பார்ப்பார்கள்.

வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவது. அதை நம்பித்தான் கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய் எல்லாம். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தால் கையில் நாலு காசு புழங்கும். அப்புறம் அடுத்த மழை வரைக்கும் காட்டில் பெரிதாக வேலையில்லை. பகலில் வெயில், ராத்திரியில் வேப்பங்காற்று. ஜனங்கள் என்ன செய்வார்கள்?

நாடகம் பார்ப்பார்கள்!

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் இந்த வட்டாரத்தில் ராத்திரி பஸ்ஸில் போனால், இருட்டுக்குள் ஒரு ஊர் மட்டும் ட்யூப் லைட்டில் ஜொலிப்பது தெரியும். குழாய் ஸ்பீக்கரில் ஆர்மோனியம் கேட்கும். அம்மன் கோயில் பொங்கலாக இருக்கும், நாடகம் 'வள்ளி திருமண'மாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டலாம்.

நான் இந்தப் பக்கம் வண்டி ஏறியதற்கு ஒரு வெளிநாட்டுக்காரி காரணம். அவள் பெயர் கித்ரி. பதறாதீர்கள், மேடையில் வருகிற பெண்தான்.

சென்னையில் ஒரு நண்பர் வீட்டு டி.வி.யில் லண்டன் ராயல் பாலேக்காரர்களின் 'டான் கிஹோத்தே' ஓடிக்கொண்டிருந்தது. கியூபாவில் பிறந்த கார்லோஸ் அகோஸ்டா 2013-ல் அவர்களுக்காக அமைத்தது. நாம் பள்ளிக்கூடத்தில் 'டான் குயிக்ஸோட்' என்று படித்தோமே, காற்றாலையை ராட்சசன் என்று நினைத்து ஈட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்த கிழவர், அவரேதான். செர்வாண்டிஸ் 1605-லும் 1615-லும் இரண்டு பாகமாக எழுதிய நாவல். (கிழவர் இன்றைக்கு நம்ம கயத்தாறு பக்கம் வந்திருந்தால், அங்கே நிற்கிற காற்றாலைகளைப் பார்த்து எந்த ராட்சசனோடு முதலில் மோதுவது என்று திணறிப் போயிருப்பார்!)

பாலேயில் அவர் சும்மா கௌரவ வேடம். கதை வேறு. சத்திரக்காரர் ஒருவர், அவருக்கு ஒரு துடுக்கான மகள். அவள்தான் கித்ரி. அவளுக்கு முடிதிருத்தும் பையன் பஸீலியோ மேல் காதல். அப்பனுக்கோ பணக்கார அசடு ஒருவன் மேல் கண். ஜோடி ஊரைவிட்டு ஓடுகிறது. பிடிபடுகிறது. கடைசியில் பஸீலியோ கத்தியால் குத்திக்கொண்டு 'செத்துப்போகிறான்'. "சாகிற பையனுக்கு ஆசீர்வாதமாவது செய்யுங்கய்யா" என்கிற தோரணையில் கிழவர் கிஹோத்தே மிரட்ட, அப்பன் கை தூக்கி ஆசீர்வதிக்கிறார். அடுத்த நொடி பிணம் துள்ளி எழுந்து மாப்பிள்ளையாக நிற்கிறது! டும் டும் டும்.

இதில் ஒரு வேடிக்கை. கதை ஸ்பெயினுடையது. ஆனால் 1869-ல் இதை மாஸ்கோ போல்ஷாய் அரங்கில் முதலில் மேடையேற்றிய மரியூஸ் பெடிபா பிரெஞ்சுக்காரர். இசை போட்ட மிங்குஸ் வியன்னாவில் பிறந்தவர். ஆடியவர்கள் ரஷ்யர்கள். பெடிபா இளவயதில் மாட்ரிட்டில் சில வருஷம் ஆடிய அனுபவம் ஒன்றுதான் ஸ்பெயின் சம்பந்தம். ஆனாலும் விசிறி, டம்போரின், காளை அடக்கும் வீரர்கள், தரையில் நட்ட கத்திகளுக்கு நடுவே ஆட்டம் என்று அமர்க்களம். ஒரே கையால் கித்ரியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்கிறான் பஸீலியோ. கடைசிக் கல்யாண ஆட்டத்தில் அவள் ஒற்றைக் கால் நுனியில் நின்று முப்பத்திரண்டு முறை சாட்டை மாதிரி சுழல்கிறாள். பதினாறாவது சுற்றிலேயே அரங்கம் தாளத்தோடு கைதட்ட ஆரம்பித்துவிட்டது. கோட்டும் சூட்டும் போட்ட துரைமார்கள் "பிராவோ!" என்று கத்துகிறார்கள்.

நண்பர் சொன்னார்: "பார்த்தீங்களா? ரசிகன்னா இப்படி இருக்கணும். நம்ம ஊர்ல எங்க சார் இருக்கான்?"

எங்கே இருக்கிறான் என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை.

இரவு ஒன்பதரை. ரெட்டியபட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பொட்டல். பாயும் சாக்கும் அதற்கு முன்பே விரித்தாகிவிட்டது. சாயங்காலமே கல்லை வைத்து இடம் பிடித்தவர்கள் உண்டு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மேடைக்கு முட்டுக்கொடுத்த மாதிரி முன்வரிசையில் வாண்டுகள். சுற்றிலும் பஜ்ஜிக் கடை, பலூன்காரர், சுக்குக்காபி.

ரேட்டு எவ்வளவு என்று பர்ஸைத் தடவினேன். பக்கத்துப் பெரியவர் சிரித்தார்.

"டிக்கெட்டா? இது ஊர் நாடகம்ய்யா. தலைக்கட்டு வரி போட்டு நடத்துறது. நீங்க விருந்தாளி. சும்மா உக்காந்து பாருங்க."

லண்டன் ரசிகன் தன் சீட்டுக்குப் பணம் கொடுக்கிறான். இங்கே ஒவ்வொரு குடும்பமும் கொடுக்கிற வரியில் வழிப்போக்கனும் உட்கார்ந்து பார்க்கலாம். மழை பொய்த்த வருஷத்தில் வரி பிரிவது கஷ்டம். அந்த வருஷம் நாடகமும் கஷ்டம். மேகத்தைப் பார்த்துத்தான் ராஜபார்ட் நடிகருக்கு அடுப்பு எரிகிறது என்றால் மிகையில்லை.

இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். என்ன ஸ்பெஷல்? கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். தனித்தனியாக 'புக்' செய்வார்கள். அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் பல பேர் ஒருவரையொருவர் பார்ப்பதே. அப்புறம் விடிய விடிய ஒரு நாடகத்தை நடத்தி முடிக்கிறார்கள்!

எப்படி முடிகிறது? ஒரே ஒரு மனிதர் காரணம். தூத்துக்குடிச் சீமையில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதி வைத்த பாட்டும் வசனமும்தான் எல்லோருக்கும் பொதுப் பாடம். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்தியவர். 1922-ல் காலமானார். அவர் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவர் பாடத்தை வைத்துப் பல குடும்பங்களில் உலை கொதிக்கிறது. எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் புகழ் பெற்றது இந்த ஸ்பெஷல் நாடக மேடையில்தான். மைக் பரவாத அந்தக் காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி உச்ச ஸ்தாயியில் பாடியவர் கிட்டப்பா. 1933-ல், முப்பது வயது நிரம்புமுன்பே போய்விட்டார்.

பத்து மணிக்கு மேல் பபூன் வந்தார். வந்தவுடன் முதல் வேலையாக ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு, ஆர்மோனியக்காரருக்கு ஒரு நக்கல். "என்ன வாத்தியாரே, அருப்புக்கோட்டையில ஏறின பஸ் டயர் பஞ்சராமே?" என்று இவர் கேட்க, "டயர் இல்லப்பா, உன் பாட்டைக் கேட்டு டிரைவர் பஞ்சர்" என்று அவர் திருப்ப, பொட்டலே குலுங்கியது. அப்புறம் டான்ஸ்காரப் பெண் வந்தார். வாண்டுகள் அதுவரை தூங்கவில்லை.

இங்கேதான் எனக்கு மாஸ்கோ ஞாபகம் வந்தது. 1900-ல் அங்கே கோர்ஸ்கி என்பவர் 'டான் கிஹோத்தே'யைத் திருத்தி அமைத்தார். அதுவரைக்கும் பாலேக் கூட்டம் என்றால் பள்ளிக்கூட டிரில் மாதிரி வரிசையாக நிற்கும். கோர்ஸ்கி அந்த வரிசையைக் கலைத்தார். ஊர்ச் சதுக்கத்தில் நிற்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை கொடுத்தார். இவள் அவனோடு பேசுவாள், அவன் இவளைப் பார்த்துச் சிரிப்பான், எல்லோருமாகக் கித்ரியின் ஆட்டத்துக்குக் கைதட்டுவார்கள். மேடைமேல் ஒரு கூட்டம் ரசிப்பதைப் பார்த்தால் கீழே இருக்கிற கூட்டத்துக்கும் கை தானாகத் தட்டும். அகோஸ்டாவின் தயாரிப்பில் ஆடுபவர்கள் வாய்விட்டே கத்துகிறார்கள்.

நம்ம மேடையில் அந்த வேலையைச் செய்பவர்கள் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும். வள்ளி ஒரு வரி பாடினால் "அடடா!" போடுவது, நாரதர் ஒரு கேள்வி கேட்டால் "அப்படிக் கேளுங்க சாமி!" என்று ஏற்றிவிடுவது. கோர்ஸ்கி யோசித்துக் கண்டுபிடித்ததை இவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டே செய்துவிட்டுப் போகிறார்கள்.

நள்ளிரவு தாண்டியதும் வள்ளி தினைப்புனம் காக்க வந்தாள். கையில் கவண். ஆலோலம் பாடிக் குருவி விரட்டுகிறாள். பெண்கள் பக்கம் அதுவரை இருந்த குசுகுசுப்பு நின்றுவிட்டது. எனக்குப் பின்னாலிருந்த ஆச்சி தன் பேத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது: "நானும் இப்படித்தான்டீ... கம்மங்காட்டுல பரண் மேல நின்னு தகர டப்பாவைத் தட்டிக் குருவி வெரட்டுவேன். தொண்டை கட்டிப் போகும்."

இதுதான் விஷயம். பார்சிலோனா சதுக்கத்துக் கித்ரி லண்டன்காரனுக்கு ஒரு கனவு. தினைப்புனத்து வள்ளி இந்த ஆச்சிக்குத் தன்னுடைய பதினைந்து வயசு.

கதையைப் பாருங்கள், ரெண்டும் ஒன்றுதான்! அங்கே செத்த மாதிரி நடித்துக் கல்யாணம். இங்கே முருகன் வேடன் வேஷம் போட்டுப் பார்த்து, வேங்கை மரமாக நின்று பார்த்து, கடைசியில் கிழவனாக வந்து, அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்து, வள்ளி பயந்து ஓடிவந்து கட்டிக்கொள்ள... கல்யாணம். இரண்டு இடத்திலும் மாப்பிள்ளை செய்வது சுத்தமான ஏமாற்று வேலை. இரண்டு இடத்திலும் பார்க்கிறவனுக்கு அது முன்கூட்டியே தெரியும். ஏமாறுவது மேடையில் இருக்கிறவர் மட்டும்தான். அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அதற்குத்தான் மாஸ்கோவிலும் ரெட்டியபட்டியிலும் விசில் பறக்கிறது. கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு மேடை ஏறியபோது, தூங்கி விழித்த ஒரு பொடியன் எழுந்து நின்று கத்தினான்: "அக்கா, நம்பாதக்கா! அது முருகன்!"

பாலேயில் பேச்சே கிடையாது. நம்மாட்களிடம் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. அங்கே முப்பத்திரண்டு சுற்றுக்குக் காத்திருக்கிறார்கள் என்றால், இங்கே காத்திருப்பது நாரதர்-வள்ளி தர்க்கத்துக்கு. "முருகனைக் கட்டிக்கொள்" என்று நாரதர் ஒரு மணி நேரம் வாதாட, "அவருக்கு ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருக்கே?" என்று வள்ளி மடக்குவாள். ஒத்திகை இல்லாத நாடகம் அல்லவா? எந்தக் கேள்வி வரும் என்று எதிராளிக்கே தெரியாது. நாரதர் ஒரு கணம் தடுமாறினால் போதும், பெண்கள் பக்கத்திலிருந்து எழுகிற கைதட்டல் அடுத்த ஊருக்குக் கேட்கும். கித்ரி பதினெட்டாவது சுற்றில் கால் நழுவினால் ரசிகன் 'த்சொ' கொட்டுவான். இங்கே நாரதர் நழுவினால் கொண்டாட்டம்!

கொண்டாட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு.

பாட்டு பிடித்துவிட்டால் நோட்டு. நூறு, ஐநூறு. கூடவே மைக்கில், "இன்னாருடைய மகன் இன்னார் அன்பளிப்பு" என்று அறிவிப்பு. சில சமயம் அறிவிப்பு பாட்டைவிட நீளம். அதுகூடப் பரவாயில்லை. கொஞ்சம் 'ஏற்றிக்கொண்டு' வருகிற இளவட்டங்கள் நோட்டை ஊக்கில் மாட்டி, டான்ஸ் ஆடும் பெண்ணின் உடையில் தாங்களே குத்துவேன் என்று மேடை ஏறுவார்கள். பபூன் சிரித்துக்கொண்டே குறுக்கே விழுந்து, "அண்ணே, எனக்குக் குத்துங்கண்ணே, எனக்குச் சட்டையிலே இடம் நிறைய இருக்கு" என்று தன் நெஞ்சைக் காட்டினார் அன்றைக்கு. கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் அந்த நேரத்தில் பபூன் செய்தது காமெடி இல்லை, காவல்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் சூசன் சைசர் மதுரையில் தங்கி, இந்தக் கலைஞர்களோடு பழகி, 2005-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மேடைப் பெண்கள் சுமக்கிற கெட்ட பெயரைப் பற்றி. ராத்திரி முழுக்க 'வள்ளித் தாயி' என்று கும்பிடுகிற அதே ஊரில், 'கூத்தாடி' என்பது பகலில் வசவு. வாடகைக்கு வீடு கேட்டால் யோசிப்பார்கள். பெண் கேட்டு வர யோசிப்பார்கள்.

நம்மை மட்டும் குறை சொல்லவேண்டாம். 19-ம் நூற்றாண்டில் பாரிஸ் ஓபராவில் சந்தா கட்டிய பெரிய மனிதர்களுக்கு, பாலே ஆடும் பெண்கள் தயாராகும் கூடத்துக்குள்ளேயே போய் உட்கார உரிமை இருந்தது. ஓவியர் டெகாவின் படங்களில் திரை ஓரமாகக் கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்கிறார்களே, அவர்கள்தான். ஊக்கு இல்லை, கோட்டு இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே அந்தக் கதவு காலப்போக்கில் மூடிவிட்டது. பாலேக்காரி இன்றைக்குப் பல நாடுகளில் மாதச் சம்பளம் வாங்கும் மரியாதைக்குரிய கலைஞர். நம்ம வள்ளிக்கு மாதச் சம்பளம் இல்லை, சீசன்தான். ஆறேழு மாதம் சம்பாதித்து வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனியில். ஊர் ஊராகத் திருவிழா நின்றது. அடுத்த வருஷமும் அடி. மேடையில் ராஜாவாக நின்றவர்கள் அரிசிக்கு நின்ற காலம் அது.

சட்டம் ஒரு பக்கம். ஒலி மாசு பற்றிய 2000-ம் வருஷத்து விதிப்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை சலுகை தரலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் படுக்கையில் கிடக்கிற நோயாளிக்கும் அது நல்ல சட்டம்தான். ஆனால் நாடகம் ஆரம்பிப்பதே பத்துக்குத்தானே! பன்னிரண்டுக்கு நிறுத்தினால் வள்ளி தினைப்புனத்துக்கே வந்திருக்க மாட்டாள். பபூனோடு முடிந்துவிடும். அதனால் சில ஊர்களில் நாடகத்தைச் சுருக்கிவிட்டார்கள். சில ஊர்களில் "நாடகமே வேண்டாம், ரெண்டு மணி நேரம் ஆடல் பாடல் போதும்" என்று மாறிவிட்டார்கள். செலவும் மிச்சம், ஸ்டேஷனுக்கு அலைவதும் மிச்சம்.

"உங்க ஊர்ல மட்டும் எப்படி விடிய விடிய?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"குழாயை நிப்பாட்டி ஒரு மணி நேரமாச்சே, கவனிக்கலியா நீங்க?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஸ்பீக்கர் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. வெறுந்தொண்டையில் பாடிக்கொண்டிருந்தார் வள்ளி. ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இன்னும் முன்னால் நகர்ந்து, மேடையை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருமல் சத்தம்கூட இல்லை. கைதட்டலைவிடப் பெரிய மரியாதை அது. மைக் இல்லாத காலத்துக் கிட்டப்பாவுக்கு ஜனங்கள் எப்படிக் காது கொடுத்திருப்பார்கள் என்று அந்த ராத்திரிதான் புரிந்தது.

விடிகிற நேரம் யானை வந்தது. (சாம்பல் நிறப் போர்வைக்குள் இரண்டு பேர். முன்கால் ஒரு பக்கம் போனால் பின்கால் இன்னொரு பக்கம் போனது!) கல்யாணம் முடிந்தது. மாலை மாற்றிய ஜோடியைத் தெய்வமாகவே பாவித்துப் பெண்கள் வரிசையாக வந்து திருநீறு வாங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வேஷம் கலைத்து, நைட் முழுக்க நின்ற கால் வலியோடு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குக் காத்திருந்தார் வள்ளியாக நடித்தவர். யாரும் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் பால் கறக்கிற நேரம்.

கம்மங்காட்டு ஆச்சி மட்டும் தூக்குச்சட்டியோடு வந்தார். "காப்பி குடி தாயி. தொண்டைக்கு இதமா இருக்கும். எத்தனை பிள்ளைக உனக்கு? படிக்குதுகளா?"

"ரெண்டும் படிக்குதுங்க ஆச்சி."

"நல்லாப் படிக்க வையி. அடுத்த வருசமும் நீயே வா. நாரதர் மட்டும் வேற ஆளாப் பாத்துக்கிடுவோம், அவன் ரொம்ப முழிக்கான்."

கரிசல் பக்கம் பங்குனியில் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்: பாய் ஒன்று, துண்டு ஒன்று எடுத்துப் போங்கள், பனி கொட்டும். பபூனோடு எழுந்து வந்துவிடாதீர்கள், வள்ளி வருவது அதற்குப் பிறகு. தர்க்கத்தில் நாரதர் கட்சியில் சேராதீர்கள், பெண்கள் பக்கம் உதைக்க வருவார்கள். கைதட்டல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நோட்டு கொடுப்பதானால், ஊக்கு வேண்டாம். கையில் கொடுங்கள்.